செய்து பழகு என்று சொல்வது யார்?

‘பொஸ்தகத்த ஓரமா வையி. செய்யச் செய்யத்தான் வரும்.’ கணினி மொழி கற்க வருகிற பிள்ளைகளுக்கு இன்றைக்கு எல்லோரும் சொல்கிற புத்திமதி இதுதான். பைத்தான் மாதிரி எளிமையான மொழி ஒன்றை எடுத்துக்கொள். விதிகள் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்காதே. உபயோகமான ஒன்றைக் கட்டத் தொடங்கு. கட்டும்போது எது தேவையோ அதை அப்போது படித்துக்கொள். எங்கள் காலனி படிப்பகத்தில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளோடு உட்காருகிற நானும் இப்படித்தான் சொல்லித்தருகிறேன். முறை என்ற அளவில் இதோடு எனக்குச் சண்டை கிடையாது.

ஆனால் ‘செய்து பழகு’ என்ற சொல்லை நம்ம ஜனங்க கேட்பது இது முதல் தடவை இல்லை. பல தலைமுறையாகக் கேட்டிருக்கிறோம். செத்த மாட்டைத் தூக்கிப் பழகு, சாவு சொல்லிப் பழகு, சேற்றில் இறங்கிப் பழகு, மலக்குழியில் இறங்கிப் பழகு. ஒருத்தரும் நமக்குப் பாடப்புத்தகம் கொடுத்து இதையெல்லாம் கற்றுத்தரவில்லை. எல்லாம் செய்து பழகியதுதான். அப்படியானால் ஒரே சொல் ஓரிடத்தில் விலங்காகவும் இன்னோரிடத்தில் விடுதலையாகவும் எப்படி இருக்கமுடியும்? கேள்வி கணினி பற்றியது போலத் தெரியும். எனக்கு இது அறம் பற்றிய கேள்வி.

1

1953-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு. மிச்ச நேரத்தில் அப்பன் ஆத்தாளோடு இருந்து குடும்பத் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் சொல்லிப் போராடினார். திராவிட இயக்கம் முழுவதும் தெருவுக்கு வந்தது. 1954-இல் ராஜாஜி பதவியை விட்டுப் போனார். காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இந்தத் திட்டத்துக்காகப் பேசியவர்கள் மோசமான வார்த்தை எதையும் பேசவில்லை என்பதை இளைய தோழர்கள் கவனிக்க வேண்டும். கையால் கற்பது நல்லது, புத்தகப் படிப்பு மட்டும் மனிதனை முடமாக்கும், உழைப்புக்கு மரியாதை வேண்டும் என்றெல்லாம்தான் பேசினார்கள். 1937-இல் காந்தி வார்தாவில் கைத்தொழிலை மையமாக்கிய கல்வியை முன்வைத்தபோதும் இதே நியாயம்தான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே சரியான வாக்கியங்கள். சேர்த்து வைத்தால் தோட்டி மகன் தோட்டி, வண்ணான் மகன் வண்ணான். பட்டணத்துப் பிள்ளைக்கு முழுநாள் பள்ளிக்கூடம், கிராமத்துப் பிள்ளைக்கு அரைநாள் அப்பன் வேலை. செய்து கற்றல் என்பது யாருக்கு விதிக்கப்படுகிறது, யாருக்கு விலக்கு அளிக்கப்படுகிறது என்று பார்க்காமல் அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல முடியாது.

எங்க தாத்தா தோல் பதம் பண்ணினவர். பச்சைத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு மயிரை வழித்து, சவ்வு நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணியில் போட்டு, கடைசியில் கடுக்காய்ச் சாறு. எந்தத் தோல் எத்தனை நாள் ஊறவேண்டும் என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று எங்கம்மா சொல்லும். அது அறிவு இல்லை என்று எந்த யோக்கியன் சொல்லமுடியும்? ஆனா அந்தக் கைக்கு ஊர் கொடுத்த பேரு நாத்தம், தீட்டு. 1948-இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. சுண்ணாம்பு ஏன் மயிரைத் தளர்த்துகிறது, ஆவாரம்பட்டையிலிருக்கிற எது தோலை அழுகாமல் காக்கிறது என்பதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள் போனதும் அது விஞ்ஞானம் ஆகிவிட்டது. அது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே தோல், அதே சுண்ணாம்பு. குழிக்குள் நின்ற கால்களுக்கு ‘எப்படி’ மட்டும் கிடைத்தது. ‘ஏன்’ வேறு தெருவுக்குப் போனது.

சாதி செய்த களவு இதில்தான் இருக்கிறது. கையால் கற்றது தப்பில்லை. கையிலிருந்து ‘ஏன்’ என்ற கேள்வியைப் பிடுங்கியதுதான் தப்பு. மறுபக்கத்தில் கை படாத அறிவை உயர்வென்று வைத்தார்கள். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயமும் அரக்கும் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தருமசூத்திரம். அறிவு என்றால் உச்சரிப்பு, மனப்பாடம், காவல். வேலை என்றால் கை, அழுக்கு, மௌனம். இந்தப் பிளவின் மேல்தான் நம் பள்ளிக்கூடங்கள் இன்னமும் நிற்கின்றன.

2

அம்பேத்கர் 1913-இலிருந்து 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் ஜான் டூயி. செய்து கற்றல் என்ற கல்விக் கொள்கைக்கு உலகம் முழுவதும் சொல்லப்படுகிற பெயர் அவருடையது. குலக்கல்வி பேசியவர்களும் செய்து கற்பதைப் பேசினார்கள், நம் தலைவரின் ஆசானும் செய்து கற்பதைப் பேசினார். இரண்டும் ஒன்றா?

இல்லை. எங்கே பிரிகிறது என்பதை டூயியே பிளேட்டோவை வைத்துக் காட்டுகிறார். தான் செய்கிற காரியத்துக்கான நோக்கத்தை இன்னொருவனிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருப்பவன் அடிமை என்பது அந்தக் கருத்து. 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைப் பற்றி எழுதும்போது அம்பேத்கர் இதையே எடுத்து நம் சமூகத்தின் மேல் வைக்கிறார். சட்டத்தில் அடிமைத்தனம் இல்லாவிட்டாலும், சிலர் வகுத்த நோக்கத்துக்காக மற்றவர்கள் வாழவேண்டியிருந்தால் அதுவும் அடிமைத்தனம்தான் என்கிறார்.

இது எனக்குக் கையில் கிடைத்த உரைகல். செய்து பழகு என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேட்கலாம். எதைச் செய்வது என்று தீர்மானிப்பது யார்? செய்யும்போது ‘ஏன்’ என்று கேட்டால் பதில் வருமா, அடி வருமா? இரண்டுக்கும் பதில் சரியாக இருந்தால் அது கல்வி. இல்லையென்றால், கணினி முன்னால் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து செய்தாலும் அது குலத்தொழில்தான்.

3

இனி மொழிக்கு வருகிறேன். பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கிடோ வான் ரோசம். 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் வெளியே விட்டார். பெயரைப் பார்த்துப் பாம்பு என்று நினைக்க வேண்டாம், ‘மான்ட்டி பைத்தான்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயர். அதற்கு முன் ஆம்ஸ்டர்டாமில் ‘ஏபிசி’ என்ற மொழியை உருவாக்கியவர்களோடு அவர் வேலை செய்தார். கணிப்பொறி வல்லுநர் அல்லாதவர்களும் கற்கவேண்டும் என்று செய்யப்பட்ட மொழி அது. 1999-இல் எல்லோருக்கும் நிரல் எழுதக் கற்றுத்தர வேண்டும் என்று ஒரு திட்டத்தையே எழுதி அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் நிதி கேட்டார்.

அவருக்கு முன்னாலும் ஆட்கள் இருந்தார்கள். 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் ‘பேசிக்’ மொழியைக் கொண்டுவந்தபோது, அறிவியல் படிக்காத மாணவரும் கணிப்பொறியைத் தொடவேண்டும் என்பதுதான் எண்ணம். 1967-இல் குழந்தைகளுக்காக ‘லோகோ’ வந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவரான சைமர் பாப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, இளமையில் நிறவெறியை எதிர்த்து நின்றவர். பிழை செய்த குழந்தையை முட்டாள் என்று சொல்லாமல், எந்த இடத்தில் கோணலாயிற்று என்று தேடித் திருத்தவைப்பதே கற்றல் என்று அவர் வாதாடினார்.

எதற்கு இந்த வரலாறு என்றால், ஒரு மொழி எளிமையாக இருப்பது தற்செயல் இல்லை. யார் யார் உள்ளே வரலாம் என்று யாரோ யோசித்து எடுத்த முடிவு அது. பைத்தானில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதைக் காட்ட அடைப்புக்குறி வேண்டாம், வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதினால் போதும். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கடன், தவணை, பாக்கி என்று எங்கள் பிள்ளைகள் எழுதுகிறார்கள், இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதையும் மாற்ற முத்து அண்ணாமலை ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியைப் பைத்தானை அடிப்படையாக வைத்தே செய்தார். கருவறைக்குள் எந்த மொழி போகலாம் என்று இன்னமும் அடித்துக்கொள்கிற நாட்டில் இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

4

அப்புறம் ‘உபயோகமான ஒன்றைக் கட்டு’ என்கிறார்களே, அது யாருக்கு உபயோகம்? கற்றுத்தரும் புத்தகங்களில் இருக்கும் பயிற்சிகளைப் பாருங்கள். ஓட்டல் பில்லில் எவ்வளவு டிப்ஸ் வைப்பது என்று கணக்கிடு. இன்றைக்குச் செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியல் போடு. கெட்டது ஒன்றுமில்லை. ஆனால் அது ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுடைய கணக்கு. மேசை துடைக்கிறவளுடைய கணக்கு வேறே.

எங்கள் படிப்பகத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, ‘அக்கா, எங்கம்மா குழுக் கடன் வாங்கியிருக்கு, அத போட்டுப் பாக்கலாமா’ என்றாள். 10,000 ரூபாய். வருசம் 12 சதவீத வட்டி என்று சொல்லிக் கொடுத்தது. 12 மாதத் தவணை. வட்டி 1,200 சேர்த்து மொத்தம் 11,200. பன்னிரண்டால் வகுக்கச் சொன்னாள். திரையில் 933.3333333333334 என்று வந்தது.

‘அக்கா, எல்லாம் மூணு, கடைசியில மட்டும் நாலு எங்கேருந்து வந்துச்சு?’

ஒரு பாட வேளை முழுக்க விதி சொல்லிக் கொடுத்தாலும் இந்தக் கேள்வி வந்திருக்காது. இயந்திரம் எண்களை இரண்டை அடியாக வைத்துத்தான் சேமிக்கிறது, அதில் முடிவில்லாத பின்னத்துக்கு இடம் இல்லை, கிட்டத்தில் உள்ள எண்ணை வைத்துக்கொள்கிறது என்று விளக்க அரைநாள் ஆனது. காசுக் கணக்கைப் பைசாவில் முழு எண்ணாக வைக்கவேண்டும் என்று அவளே முடிவுக்கு வந்தாள். வேலைதான் ‘ஏன்’ என்பதைக் கேட்கவைத்தது. குலக்கல்வியில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே நாலு வந்தால் வந்ததுதான், போய் வேலையப் பாரு.

அடுத்தது இன்னும் பெரிய கேள்வி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. கடைசி மாதத்தில் அம்மா கையில் மிச்சமிருக்கும் கடன் 900 சொச்சம்தான். ஆனால் வட்டி என்னமோ முழுப் பத்தாயிரத்துக்கும் மாதம் 100 ரூபாய் என்றே போகிறது. அப்படியென்றால் உண்மையான வட்டி எவ்வளவு? இதற்கு நேரடி வாய்ப்பாடு இல்லை, தேடித்தான் பிடிக்கவேண்டும். குறையும் அசலுக்கு 12 சதவீதம் என்று வைத்தால் தவணை 888 ரூபாய் 49 பைசா வரவேண்டும். 24 என்று வைத்தால் 945 ரூபாய் 60 பைசா. கட்டுவதோ 933. ஆக இரண்டுக்கும் நடுவில். பாதியாக்கி 18 வைத்தால் குறைகிறது. 18-க்கும் 24-க்கும் பாதி 21. இன்னும் கொஞ்சம் குறைகிறது. இப்படிப் பாதி பாதியாக நெருக்கிக்கொண்டு போகும் வேலையை நிரலிடம் விட்டாள். கண்ணிமைக்கும் நேரத்தில் 21.46 என்று வந்து நின்றது.

பன்னிரண்டு என்று சொன்னது இருபத்தொன்றரை. பாதியாக நெருக்கித் தேடும் இந்த முறை கல்லூரியில் கணினியியல் படிப்பவர்களுக்குத் தனிப் பாடம். அவள் பாடத்தின் பெயரைத் தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே அதைச் செய்துவிட்டாள். அடுத்த வாரம் பெயரையும் தெரிந்துகொண்டாள், ஏன் அது வேகமாக முடிகிறது என்பதையும் தெரிந்துகொண்டாள். கடனின் ஆண்டு வட்டியை எளிய தகவல் தாளில் எழுதிக் காட்டவேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிகள் சொல்லின. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கவேண்டும் என்பதும் அந்த வீட்டில் இப்போது தெரியும்.

கடன் குறைந்துவிடவில்லை. தவணை அதே தவணைதான், கட்டித்தான் ஆகவேண்டும். ‘தெரிஞ்சு என்னா பண்றது’ என்று அந்த அம்மா கேட்டதும் நியாயமான கேள்வி. ஒரு நிரல் சுரண்டலை நிறுத்தாது. ஆனால் கணக்கு என்பது எதிராளி மட்டுமே வைத்திருந்த பொருள். பண்ணையார் வீட்டு நோட்டில் எழுதியதுதான் கடன் என்று கைநாட்டு வைத்த ஜனம் நாம். கணக்கு நம் பக்கமும் இருக்கிறது என்றால், சங்கத்தில் நாலு பேர் கூடிப் பேசும்போது பேச்சு வேறு மாதிரி போகும்.

5

மூன்று ஆட்சேபங்கள் வரும். முதலாவது, கணினிக்குச் சாதி கிடையாது, திறமை இருந்தால் போதும் என்பது. பாதி உண்மை. பிழை வந்தால் பைத்தான் எந்த வரியில், என்ன பிழை என்று மட்டும் சொல்கிறது. ‘உங்களுக்கெல்லாம் இது வராது’ என்று வகுப்பறையில் கேட்டுக் கூசிப்போன பிள்ளைக்கு, முப்பது தடவை தப்புச் செய்தாலும் முகம் சுளிக்காத ஒரு பொருள் எதிரில் இருப்பது பெரிய ஆறுதல். இதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் இயந்திரத்தைச் சுற்றி மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2020-இல் கலிபோர்னியாவில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இரண்டு மேலாளர்கள் மீதும் அம்மாநில அரசுத் துறையே வழக்குப் போட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. மேலாளர்கள் மீதான வழக்கு 2023-இல் கைவிடப்பட்டது. வழக்கு எப்படிப் போனாலும், சிலிக்கான் பள்ளத்தாக்கில் சாதி என்ற சொல் நீதிமன்ற ஏட்டில் ஏறியது ஏறியதுதான். மொழி கற்பது அந்த மனிதர்களிடமிருந்து நம்மைக் காப்பாற்றாது. அதற்கு அமைப்பு வேண்டும், சட்டம் வேண்டும்.

இரண்டாவது, அடிப்படை தெரியாமல் அரைகுறையாக எழுதிப் பழகினால் தரம் கெடும் என்பது. ‘தரம்’ என்ற சொல்லை எங்கே கேட்டாலும் நமக்குக் காது விடைத்துக்கொள்ளும், இடஒதுக்கீட்டுக்கு எதிராக அந்தச் சொல்லை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். இருந்தாலும் இதில் நியாயம் இருக்கிறது. வேலைக்கு ஆகிற அளவு கற்றுக்கொண்டு அதோடு நிற்பது நமக்கு ஆபத்து. நாளைக்கு நம் பிள்ளைகள் அடுத்தவன் வரைந்த படத்துக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கிற சித்தாளாகக் கணினியிலும் நிற்கக்கூடாது. செய்து தொடங்கு, செய்வதோடு நிற்காதே. கணிதம், தர்க்கம், இயந்திரத்தின் உள்வேலை எல்லாவற்றையும் கேட்டு வாங்கு. தரம் வேண்டும் என்பவர்கள் கதவைச் சாத்துவதற்காக அதைச் சொல்கிறார்கள், நாம் உள்ளே ஆழமாகப் போவதற்காகச் சொல்லவேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் புதுசு. கேட்டால் நிரலையே எழுதிக் கொடுக்கிற செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இன்னும் எதற்குக் கற்கவேண்டும்? உண்மைதான், அந்த வட்டிக் கணக்கை அது ஒரு நிமிஷத்தில் எழுதித் தரும். ஆனால் ‘அம்மாவின் கடனைக் கேள்’ என்று அது அந்தப் பெண்ணிடம் சொல்லாது. கேள்வி அவளுடையது. வந்த பதில் சரியா என்று பார்க்க அவளுக்குத் தெரியவேண்டும். பதிலையும் வாங்கிக்கொண்டு, எதைக் கேட்பது என்பதையும் அடுத்தவன் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தால், அம்பேத்கர் 1936-இல் சொன்ன நிலைக்குத்தான் திரும்பிப் போவோம்.

ஆகவே படிப்பகங்களிலும் மாணவர் விடுதிகளிலும் கணினி சொல்லிக் கொடுக்கிற தோழர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். பயிற்சிப் புத்தகத்திலிருந்து வேலையை எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளிடமே கேளுங்கள். கூலிக் கணக்கு, கல்வி உதவித்தொகை எந்தத் தேதியில் வந்தது என்ற கணக்கு, ஊரில் எத்தனை தெருவுக்குக் குழாய் இருக்கிறது, எத்தனை தெருவுக்கு இல்லை என்ற கணக்கு, எது வேண்டுமானாலும் சொல்வார்கள். முதலில் சொல்லக் கூச்சப்படுவார்கள், ஏனென்றால் இதெல்லாம் படிப்பில் சேர்த்தி என்று அவர்களிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அவர்கள் சொன்னதையே வேலையாக எடுங்கள். ‘ஏன்’ என்று கேட்டால் நேரம் ஆகிறது என்று தள்ளாதீர்கள், அன்றைக்கு நிரல் முடியாமல் போனாலும் பரவாயில்லை.